துவாஸ் முதல் பெட்ரா பிராங்கா வரை: ஒரே தண்ணீரில் எத்தனை கோடுகள்

ஈஸ்ட் கோஸ்ட் பார்க் மணலில் நின்றால் கண்ணுக்கு எட்டிய வரை கப்பல்கள். அசையாமல் நிற்பவை நங்கூரம் போட்டவை, நம் துறைமுக எல்லைக்குள் இருப்பவை. அதற்கு அப்பால் மெதுவாக ஊர்பவை நீரிணையைக் கடந்துபோகிறவை. அவற்றுக்கும் பின்னால் மங்கலாகத் தெரியும் மேடு பாத்தாம் தீவு. அது இந்தோனேசியா. "இதுல எதுவரைக்கும் நம்ம கடல்?" என்று பிள்ளை கேட்டால், எதற்காகக் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்பதுதான் நேர்மையான பதில். மீன் பிடிக்கவா, நங்கூரம் போடவா, திருடனை விரட்டவா, மீன் கூண்டு கட்டவா? ஒவ்வொன்றுக்கும் கோடு வேறு. கடல் எல்லை பற்றிய வாக்குவாதங்களில் பாதி, ஒருவர் ஒரு கோட்டையும் மற்றவர் இன்னொரு கோட்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு பேசுவதால் வருவது.

அடிப்படைச் சட்டம் ஐநா கடல் சட்ட உடன்படிக்கை. 1982 டிசம்பர் 10 அன்று ஜமைக்காவின் மாண்டிகோ பே நகரில் கையெழுத்தானது. அதை உருவாக்கிய மாநாட்டின் கடைசிக் கட்டத்துக்குத் தலைமை வகித்தவர் நம் தூதர் டாமி கோ. 1994 நவம்பர் 16 அன்று நடப்புக்கு வந்தது. மறுநாளே சிங்கப்பூர் அதை உறுதிப்படுத்தியது. அதன்படி ஒரு நாட்டுக்குக் கரையிலிருந்து 12 கடல் மைல் வரை முழு இறையாண்மை உண்டு, அதற்குப் பெயர் ஆட்புலக் கடல்: தண்ணீர், அடித்தரை, மேலே வானம் எல்லாம் சேர்த்து. 24 மைல் வரை சுங்கம், குடிநுழைவு, சுகாதாரம் போன்றவற்றில் மட்டும் கட்டுப்பாடு. 200 மைல் வரை பிரத்தியேகப் பொருளாதார மண்டலம்: அங்கே மீனும் எண்ணெயும் அந்த நாட்டுக்கு, ஆனால் பாதை எல்லாருக்கும். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். ஆக 12 மைல் என்றால் 22 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், 200 மைல் என்றால் 370 கிலோமீட்டர்.

இந்த எண்கள் எல்லாமே உச்சவரம்பு. இரண்டு நாடுகள் எதிரெதிரே தலா 12 மைல் எடுத்துக்கொள்ள நடுவில் 44 கிலோமீட்டராவது இருக்க வேண்டும். சிங்கப்பூர் நீரிணை சுமார் 16 கிலோமீட்டர் அகலம். வடக்கே ஜோகூர் நீரிணையோ இக்கரையில் கூப்பிட்டால் அக்கரையில் கேட்கும் என்கிற அகலம். கையை நீட்டினால் பக்கத்து வீட்டுச் சுவர். ஆகவே 200 மைல் என்பது நமக்கு ஏட்டுச் சுரைக்காய்தான். அந்த உடன்படிக்கையின் 15ஆம் பிரிவு சொல்வதுபோல, வேறு உடன்பாடோ வரலாற்று உரிமையோ இல்லாவிட்டால் நடுக்கோடு.

நடுக்கோட்டை எங்கிருந்து அளப்பது? அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

அளவு தொடங்கும் இடத்துக்கு அடிக்கோடு என்று பெயர். பொதுவிதிப்படி அது வற்றத்தின்போது தண்ணீர் நிற்கும் கோடு. கரை என்று நாம் தினமும் பார்ப்பது அதுவல்ல. புலாவ் உபினின் செக் ஜாவாவுக்குப் போகிறவர்கள் ஓத அட்டவணையில் 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கும் நேரமாகப் பார்த்துப் போவது வழக்கம். அப்போதுதான் மணல்திட்டும் கடற்புல்லும் வெளியே வரும். சிங்கப்பூரில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் மூன்று மீட்டரை ஒட்டி வரும். கடற்கரை நூற்றுக்கு ஒன்று என்ற மெல்லிய சரிவாக இருந்தால், மூன்று மீட்டர் இறக்கத்தில் தண்ணீர் 300 மீட்டர் பின்வாங்கும். அந்த 300 மீட்டரும் சட்டப்படி கரைதான். வற்றத்தில் மட்டும் தலைகாட்டும் திட்டு 12 மைலுக்குள் இருந்தால், அதன் விளிம்பையும் அடிக்கோடாகக் கொள்ளலாம் என்கிறது 13ஆம் பிரிவு. எப்போதும் முழுகியே இருக்கும் பவளத்திட்டுக்கு அந்த மரியாதை கிடையாது. கடல் வரைபடத்தில் ஆழ எண்ணுக்குக் கீழே கோடிட்டு எழுதியிருந்தால் அது வற்றத்தில் வெளியே தெரியும் உயரம். கோடில்லாமல் எழுதியிருந்தால் ஆழம். அந்தச் சின்னக் கோடு எத்தனை சதுரக் கிலோமீட்டர் கடலைத் தருகிறது என்பதை யோசித்தால் வரைபடத்தை இன்னும் மரியாதையோடு பார்க்கத் தோன்றும்.

நடுக்கோடு வரைவது அளவுநூல் வேலை. இரு கரையிலும் துருத்திக்கொண்டிருக்கும் அடிப்புள்ளிகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். கோட்டின் ஒவ்வொரு திருப்பமும் ஒரு கரையின் இரண்டு புள்ளிகளுக்கும் மறுகரையின் ஒரு புள்ளிக்கும் சம தூரத்தில் விழும். அதாவது மூன்று புள்ளிகளையும் தொடும் ஒரு வட்டத்தின் மையம். இதனால் உள்வாங்கிய விரிகுடாக்கள் கணக்கிலேயே வராது. முனைகளும் ஒதுக்குப்புறத் தீவுகளும்தான் கோட்டை இழுக்கும். பக்கத்து நாட்டின் ஒரு சின்னத் தீவு அரிமானத்தில் கரைந்தால் அது சுற்றுச்சூழல் செய்தியோடு நிற்காது. இந்தோனேசியாவின் நிப்பா தீவு அப்படி ஏற்ற நேரத்தில் கிட்டத்தட்ட முழுகும் நிலைக்கு வந்தபோது ஜகார்த்தா அதை மண் கொட்டிக் காப்பாற்றியது இந்தக் கணக்கினால்தான்.

இந்தோனேசியாவோடு உள்ள தெற்கு எல்லை மூன்று தவணையாக முடிந்தது. நடுப்பகுதி 1973இல், மேற்குப்பகுதி 2009இல், கிழக்கில் சாங்கிக்கும் பாத்தாமுக்கும் இடைப்பட்டது 2014இல். கோடு ஒப்பந்தமாகிவிட்டால் அதன்பின் இக்கரையில் மண் கொட்டினாலும் அக்கரை அரித்தாலும் அது நகராது. "நிலத்தை மீட்டு மீட்டுக் கடல் எல்லையை நீட்டிவிட்டார்கள்" என்று வாட்ஸ்அப்பில் அவ்வப்போது வருமே, அது ஒப்பந்தம் முடிந்த இடங்களுக்குப் பொருந்தாது.

வடக்கே கதை பழையது. 1927இல் பிரிட்டிஷாரும் ஜோகூரும் செய்த உடன்பாடு நீரிணையின் ஆழமான வாய்க்காலின் நடுவை எல்லையாக வைத்தது. அப்போது அது புத்திசாலித்தனமான தீர்வு. இரு தரப்புக் கப்பலும் ஆழத் தண்ணீரில் போகலாம். ஆனால் வாய்க்கால் வண்டல் சேர்ந்து இடம் மாறும். எல்லையும் கூடவே அலைய வேண்டியதாகிவிடும். 1995 ஆகஸ்ட் 7 அன்று சிங்கப்பூரும் மலேசியாவும் அந்தக் கோட்டை ஆயப்புள்ளிகளாக, அதாவது நிலையான இட எண்களாக எழுதி, இனி வாய்க்கால் எங்கே போனாலும் கோடு இங்கேயே என்று முடித்துக்கொண்டன.

படகு வைத்திருப்பவர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1995 உடன்பாட்டின் புள்ளிகள் பழைய மலாயா நில அளவையின் கெர்த்தாவ் என்ற அளவை அடிப்படையில் எழுதப்பட்டவை. கையில் இருக்கும் ஜிபிஎஸ் காட்டுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற உலகப் பொது அளவை அடிப்படையில். இரண்டுக்கும் இடையே நம் பக்கத்தில் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 200 மீட்டர் வித்தியாசம் வரும். உடன்பாட்டின் எண்களை அப்படியே கருவியில் தட்டினால், நம் தண்ணீரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு பக்கத்து நாட்டில் தூண்டில் போடலாம். ஜோகூர் நீரிணையில் 200 மீட்டர் என்பது சின்னப் பிழை அல்ல. மாற்றி எழுதிய புள்ளிகளைக் கொண்ட அதிகாரபூர்வ மின்வரைபடத்தைப் பயன்படுத்துங்கள். அதிலும் கோட்டின் மேலேயே போய் நிற்காமல் இடைவெளி விட்டு நில்லுங்கள், ஏனென்றால் இயந்திரம் நின்றுபோனால் நீரோட்டம் உங்கள் கடவுச்சீட்டைப் பார்த்துத் தள்ளாது.

இனி பெட்ரா பிராங்கா, நீரிணையின் கிழக்கு வாயிலில் நாமும் மலேசியாவும் சொந்தம் கொண்டாடிய பாறை. நம்மவர்களிடம் இந்தப் பேச்சு எடுத்தால் இரண்டாவது நிமிடத்தில் கச்சத்தீவு வந்துவிடும். ஒப்பீடு இயல்புதான், ஆனால் பாதிதான் பொருந்தும். கச்சத்தீவு 285 ஏக்கர். 1974இல் இந்தியாவும் இலங்கையும் பேசி வரைந்த கோட்டில் இலங்கைப் பக்கம் விழுந்தது. பெட்ரா பிராங்கா வற்றத்தில் அளந்தாலும் 137 மீட்டர் நீளம், சராசரி 60 மீட்டர் அகலம், இரண்டு ஏக்கரைச் சற்றே தாண்டும் ஒரு பாறை. அங்கே கோடு வரையவில்லை, பாறை யாருடையது என்று மட்டும்தான் அனைத்துலக நீதிமன்றத்திடம் கேட்டார்கள். 2008 மே 23 அன்று பதில் வந்தது: பெட்ரா பிராங்கா சிங்கப்பூருக்கு, 12க்கு 4 என்ற வாக்கில். தெற்கே அரைமைலைச் சற்றே தாண்டியிருக்கும் மிடில் ராக்ஸ் மலேசியாவுக்கு. வற்றத்தில் மட்டும் தெரியும் சௌத் லெட்ஜ், அது யாருடைய ஆட்புலக் கடலில் இருக்கிறதோ அவருக்கு. அதாவது மூன்றாவது கேள்விக்குப் பதில், முதலில் கோடு வரையுங்கள் என்பதே.

அந்தத் தீர்ப்பில் படிக்க வேண்டிய இடம் 1953ஆம் ஆண்டுக் கடிதம். பாறை ஆரம்பத்தில் ஜோகூர் சுல்தானுடையது என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் 1953இல் சிங்கப்பூர்க் காலனி அரசு அதன் நிலை என்ன என்று கேட்டதற்கு, உரிமை கோரவில்லை என்று ஜோகூரின் தற்காலிக மாநிலச் செயலாளர் பதில் எழுதினார். அந்தப் பாறையில் 1851இல் எழுந்த ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைச் சிங்கப்பூர் நடத்தியது மட்டும் போதவில்லை. விளக்கு ஏற்றுவது வேறு, சொந்தம் கொண்டாடுவது வேறு. அக்கம்பக்கத்தில் உடைந்த கப்பல்களை விசாரித்தது, மலேசிய அதிகாரிகள் அங்கே போக அனுமதி கொடுத்தது, எதிர்ப்பு வராமல் இருந்தது எல்லாம் சேர்ந்துதான் உரிமை கைமாறியதாக ஆனது. ஒரு அரசு அலுவலகத்தில் எழுதிய சில வரி, அரை நூற்றாண்டு கழித்து ஒரு நாட்டின் கடலைத் தீர்மானித்தது. கோப்புகளைத் தூக்கிப் போடாதீர்கள் என்று சொல்லும் பழைய குமாஸ்தாக்கள் சும்மா சொல்லவில்லை.

பாறைக்கு எவ்வளவு கடல்? 2008 ஜூலையில் அப்போதைய வெளியுறவு மூத்த துணையமைச்சர் பாலாஜி சதாசிவன், பெட்ரா பிராங்காவைச் சுற்றி ஆட்புலக் கடலோடு பொருளாதார மண்டலமும் உண்டு என்று நாடாளுமன்றத்தில் சொன்னார், மலேசியா ஆட்சேபித்தது. 121ஆம் பிரிவு, மனிதர் குடியிருக்கவோ சொந்தமாகப் பொருளாதார வாழ்வு நடத்தவோ இயலாத பாறைக்குப் பொருளாதார மண்டலம் கிடையாது என்கிறது. சிங்கப்பூர் அங்கே சுமார் ஏழு ஹெக்டர் மண் கொட்டி விரிவாக்கப்போவதாக 2021இல் அறிவித்தது. அது படகுத்துறைக்கும் பராமரிப்புக்கும் உதவும், ஆனால் கூடுதல் கடல் தராது. தீவு என்பது இயற்கையாக உருவானதாக இருக்க வேண்டும் என்பது அதே பிரிவின் முதல் வரி.

துறைமுக எல்லை என்பது இன்னொரு கோடு, அடிக்கடி குழப்பப்படுவது. அது இறையாண்மைக் கோடு அல்ல. எந்தப் பரப்புக்குள் துறைமுக அதிகாரி நங்கூரம், எரிபொருள் நிரப்பல், வழிகாட்டி மாலுமி இவற்றை ஒழுங்குபடுத்துகிறார் என்பதைச் சொல்லும் நிர்வாகக் கோடு. ஆனால் உங்களுடையது அல்லாத தண்ணீரில் அதை வரைய முடியாது என்பதால், அதை வரைவதே ஓர் உரிமைக் கோரல் ஆகிவிடும். 2018 அக்டோபர் 25 அன்று மலேசியா ஜோகூர் பாரு துறைமுக எல்லையைத் துவாஸ் பக்கம் நீட்டியது. டிசம்பர் 6 அன்று சிங்கப்பூர் தன் எல்லையை நீட்டியது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. அடுத்த பிப்ரவரியில் அங்கே நின்றிருந்த மலேசிய அரசுக் கப்பல் ஒன்றோடு கிரேக்கச் சரக்குக் கப்பல் மோதியது. ஏப்ரலில் இருவரும் நீட்டிய எல்லையை நிறுத்திவைத்தார்கள். நடுவில் மாட்டுவது கப்பல் தலைவர்தான்: வானொலியில் இரண்டு குரல் இரண்டு கட்டளை இடும்.

சுங்கம் ஏன் வாங்கக் கூடாது?

"இத்தனை கப்பல் நம்ம வாசல் வழியாப் போகுதே, தலைக்கு இவ்வளவுன்னு வாங்கினா என்ன?" தேக்காவில் காப்பிக் கடை மேசைக்கு மேசை கேட்கும் கேள்வி இது. முடியாது. ஒரு திறந்த கடலை இன்னொன்றோடு இணைக்கும் நீரிணையில் எல்லாக் கப்பலுக்கும் தடையின்றிக் கடந்துபோகும் உரிமை உண்டு. கரையோர நாடு அதை நிறுத்திவைக்கக் கூடாது. ஆட்புலக் கடலைக் கடந்தாய் என்பதற்காக மட்டும் கட்டணம் விதிக்கக் கூடாது என்கிறது 26ஆம் பிரிவு. சேவைக்குத்தான் கட்டணம். சூயஸும் பனாமாவும் வாங்குகின்றனவே என்றால் அவை வெட்டிய கால்வாய்கள்.

இந்த விதியைச் சிங்கப்பூர் தனக்கு எதிராகவே தூக்கிப் பிடிக்கிறது என்பதுதான் வேடிக்கை. டோரஸ் நீரிணையில் ஆஸ்திரேலியா 2006இல் வழிகாட்டி மாலுமியைக் கட்டாயமாக்கியபோது முதலில் எதிர்த்த நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. கரையோர நாடாகப் பார்த்தால் அந்த அதிகாரம் நமக்கும் வசதிதான். ஆனால் உலகமெல்லாம் நம் துறைமுகத்துக்கு வருவதே வேறு நாடுகளின் நீரிணைகள் திறந்திருப்பதால். மீனும் எண்ணெயும் இல்லாத இந்தக் கடலில் நமக்குள்ள பெரிய வளம் அந்தப் பாதைதான். இந்தக் கணக்கு சரியானது என்பதே என் எண்ணம்.

விளக்குகளுக்கும் மிதவைகளுக்கும் ஆகும் செலவை, கடந்துபோகும் நாடுகளும் பகிர வேண்டும் என்கிற 43ஆம் பிரிவின் பேரில் 2007இல் கூட்டுறவு ஏற்பாடு ஒன்று உருவாயிற்று. அதன் நிதிக்குப் பணம் கொடுப்பது விருப்பம்தான், கடமை அல்ல. போக்குவரத்து ஒழுங்கு மட்டும் கட்டாயம். நீரிணையில் மேற்கே போகிறவர்களுக்கு வடக்குத் தடம், அதாவது நம் பக்கம். கிழக்கே போகிறவர்களுக்குத் தெற்குத் தடம். நீரிணையின் குறுகிய பகுதியான பிலிப் வாய்க்காலில் மொத்த அகலமே மூன்று கிலோமீட்டருக்குக் குறைவு. ஆழமாக அமிழும் பெரிய கப்பல்களின் அடிக்கும் தரைக்கும் நடுவே எப்போதும் குறைந்தது 3.5 மீட்டர் தண்ணீர் இருக்க வேண்டும். 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள் வானொலியில் தங்களைப் பதிவுசெய்ய வேண்டும்: சிங்கப்பூர்ப் பக்கத்தில் மேற்கிலிருந்து கிழக்காக அலைவரிசை 73, 14, 10. இரவில் துறைமுகத்திலிருந்து கிளம்பித் தடத்தைக் குறுக்கே கடக்கும் கப்பல், ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று பச்சை விளக்கு காட்டும். ஈஸ்ட் கோஸ்டில் இரவில் உட்காருகிறவர்கள் தேடிப் பாருங்கள். சிறு படகுக்காரர்கள் அந்தத் தடங்களைக் கடக்க நேர்ந்தால் நேர்செங்குத்தாகக் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் தடத்துக்குள் இருக்கும் நேரம் கூடும், பக்கவாட்டுத் தோற்றமும் தெளிவாகத் தெரியாது.

திருட்டு விஷயத்திலும் கோடு குறுக்கே வரும். கடற்கொள்ளை என்று சட்டம் சொல்வது ஆட்புலக் கடலுக்கு வெளியே நடந்தால்தான். உள்ளே நடந்தால் அது ஆயுதக் கொள்ளை, அந்த நாட்டுக் காவல்துறையின் வேலை. துரத்திக்கொண்டு போகும் படகு, ஓடுகிறவன் வேறொரு நாட்டின் ஆட்புலக் கடலுக்குள் நுழைந்த கணம் நிற்க வேண்டும் என்கிறது 111ஆம் பிரிவு. நீரிணையில் அது சில நிமிட ஓட்டம். அதனால்தான் இங்கே ரோந்துப் படகை விடத் தகவல் பரிமாற்றத்துக்கு மதிப்பு அதிகம். அதற்கான வட்டார மையம் 2006 முதல் சிங்கப்பூரில் இயங்குகிறது.

ஆழ்கடல் கனிமத்தைப் பற்றி ஒரு பத்தி போதும். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத அடித்தரை மனித குலத்தின் பொதுச்சொத்து; அனுமதி கொடுப்பது ஜமைக்காவின் கிங்ஸ்டனில் உள்ள அனைத்துலகக் கடற்படுகை ஆணையம். கெப்பலின் துணை நிறுவனமாக இருந்த ஓஷன் மினரல் சிங்கப்பூர் 2015இல் பசிபிக்கின் கிளாரியன் கிளிப்பர்ட்டன் மண்டலத்தில் 58,000 சதுரக் கிலோமீட்டரில், நம் நாட்டைப் போல சுமார் 80 மடங்கில், மாங்கனீசு, நிக்கல், செம்பு, கோபால்ட் உருண்டைகளை ஆராயும் ஒப்பந்தம் பெற்றது. நிறுவனத்துக்குப் பின்னால் நிற்கும் அரசு கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது, உரிய கவனத்தோடு கண்காணிக்க வேண்டும் என்று கடல்சட்டத் தீர்ப்பாயம் 2011இல் கருத்துரை தந்தது. 2015இல் சிங்கப்பூர் தனிச் சட்டம் இயற்றியது அந்தப் பொறுப்புக்காகத்தான்.

கடலுக்குப் பட்டா கிடையாது

ஆட்புலக் கடல் நம்முடையது என்றால், அதில் மீன் வளர்க்க யாரைக் கேட்க வேண்டும்? அடித்தரை அரசு நிலம். கூண்டு மிதக்கும் தண்ணீர் துறைமுகப் பரப்பு, அதனால் கடல்துறை, துறைமுக ஆணையத்தின் சம்மதம் வேண்டும். வளர்ப்பு உரிமம் சிங்கப்பூர் உணவு அமைப்பிடம். கையில் கிடைப்பது காலவரம்புள்ள அனுபோகம்தான், சொத்து அல்ல. பண்ணைகளில் பெரும்பாலானவை ஜோகூர் நீரிணையில், லிம் சூ காங் பக்கமும் புலாவ் உபின் பக்கமும். கொடுவா, களவா, மடவை, பால்மீன் வளர்கின்றன. தெற்கே செமாக்காவ் பக்கம் ஆழமும் நீரோட்டமும் அதிகம். அலையும் அதிகம், கட்டுமானச் செலவும் அதிகம்.

ஜோகூர் நீரிணையின் குறை அதன் நடுவே மண்ணும் கல்லும் கொட்டிக் கட்டிய கடற்பாலம். நீர் குறுக்கே ஓட வழியில்லாமல், இரண்டு பக்கமும் ஓதத்தோடு உள்ளே வந்து அதே வழியில் வெளியே போகிறது. இரு கரைக் கழிவின் சத்தும் அங்கேயே தேங்குகிறது. மழையில்லாத சூடான வாரமும், அட்டமி நவமியை ஒட்டிய மந்த ஓதமும் சேர்ந்தால் நுண்பாசி பெருகும். 2014இலும் 2015இலும் பண்ணைகளில் மீன்கள் டன் கணக்கில் செத்தது அப்படித்தான்.

எப்படிச் சாகிறது என்பதைக் கணக்காகப் பார்த்தால் அவசரம் புரியும். ஐந்துக்கு ஐந்து மீட்டர், மூன்று மீட்டர் ஆழமுள்ள கூண்டில் 75 கன மீட்டர் தண்ணீர். கன மீட்டருக்குப் பத்து கிலோ என்று வைத்தால் 750 கிலோ மீன். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு கிலோ மீன் மணிக்குச் சுமார் 250 மில்லிகிராம் ஆக்சிஜன் எடுக்கும்; கூண்டு முழுக்க மணிக்கு 187 கிராம். லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஆக்சிஜன் இருந்தால் அந்தக் கூண்டுத் தண்ணீரில் மொத்த இருப்பே 375 கிராம். நீரோட்டம் நின்றுவிட்டால் ஒரு மணி நேரத்தில் பாதி காலி. அதுவே ஆபத்து எல்லை. பாசியும் இரவில் ஆக்சிஜன் உறிஞ்சும், செத்த பாசியை அழுகவைக்கும் நுண்ணுயிரும் உறிஞ்சும். ஆகவே சாவு பெரும்பாலும் விடியலுக்கு முந்திய மணிகளில். பகலில் அளந்து "ஏழு இருக்கு, பரவாயில்லை" என்று படுக்கப் போவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பகலில் பாசி ஒளிச்சேர்க்கையால் அளவை உயர்த்திக் காட்டும். மாலையில் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால் அதுவே எச்சரிக்கை. அதிகாலை நான்கு மணிக்கு அளக்க வேண்டும், மேல்மட்டத்தில் மட்டுமல்ல, இரண்டு மீட்டர் ஆழத்திலும்.

அறிகுறி தெரிந்ததும் முதலில் தீனியை நிறுத்துங்கள். தின்ற மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடும். பிறகு காற்றூட்டி. துடுப்புச் சக்கரத்தைவிடக் கீழிருந்து குமிழி விடும் குழாய் நல்லது. சக்கரம் மேல்மட்டத்துப் பாசித் தண்ணீரையே கூண்டுக்குள் இழுத்துவிடும். கூண்டைச் சுற்றித் தார்ப்பாய் கட்டிப் பாசியைத் தடுப்பவர்கள், கட்டிய கணத்திலிருந்து நீரோட்டமும் நின்றுவிட்டது என்பதை மறக்கக் கூடாது: காற்றூட்டி ஓடாமல் தார்ப்பாய் கட்டுவது மூச்சை அடைப்பதுதான். விற்கும் அளவு வந்த மீனை உடனே பிடித்துவிடுவது பல நேரம் மிச்சப்படுத்தும் ஒரே வழி. அதற்கு முன்பே செய்ய வேண்டியது வலை மாற்றுவது. பச்சை மட்டியும் கொட்டலசும் ஒட்டிய வலையில் கண் அடைத்துப்போகும். மேலே சொன்ன கணக்கில் நீரோட்டம் நின்ற நிலை தினமுமே இருக்கும்.

எண்ணெய்க் கசிவு வேறு வகை. 2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங் முனையத்தில் தூர்வாரும் கப்பல் ஒன்று, நின்றிருந்த எரிபொருள் கப்பலை மோதி, சுமார் 400 டன் எண்ணெய் கடலில் கலந்தது. செந்தோசாவும் லாப்ரடாரும் ஈஸ்ட் கோஸ்டும் கறுத்தன. தவறு மோதிய கப்பலுடையதாக இருந்தாலும், இத்தகைய கசிவில் சட்டம் முதலில் பிடிப்பது எண்ணெய் சிந்திய கப்பலின் உரிமையாளரைத்தான். குற்றத்தை நிரூபிக்கத் தேவையில்லை; நட்டத்தை மட்டும் நிரூபித்தால் போதும். உரிமையாளர் பிறகு மோதியவரிடம் வாங்கிக்கொள்ளட்டும்.

நட்டத்தை நிரூபிக்கும் இடத்தில்தான் பண்ணைக்காரர்கள் தோற்கிறார்கள். செத்த மீனை நாற்றம் தாங்காமல் எண்ணாமலே அப்புறப்படுத்திவிடுவார்கள். ஒவ்வொரு கூண்டிலும் நாள்வாரியாக எண்ணிக்கை, எடை, தேதியிட்ட படம் வேண்டும். எண்ணெய் படிந்த வலைத்துண்டையும் தண்ணீர் மாதிரியையும் மூடிய கண்ணாடிப் புட்டியில், தேதியும் இடமும் எழுதி, குளிரில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் புட்டி மாதிரியைக் கெடுக்கும். குஞ்சு வாங்கிய ரசீது, தீனிப் பதிவு, முந்தைய இரண்டு மூன்று ஆண்டு விற்பனைக் கணக்கு எல்லாம் தேவைப்படும், ஏனென்றால் கசிவு நடக்காவிட்டால் எவ்வளவு விற்றிருப்பீர்கள் என்பதுதான் கேள்வி. சுத்தம் செய்ய நீங்கள் அமர்த்திய ஆளின் கூலிக்கும் தினப்பதிவு வையுங்கள். காலவரம்பு, நட்டம் நேர்ந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. காப்பீட்டாளரோடு கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருக்கிறது, பேச்சு சுமுகமாகப் போகிறது என்பதால் அந்தக் கடிகாரம் நிற்காது. மூன்றாம் ஆண்டு முடியும் முன் நீதிமன்றத்தில் வழக்கு பதிவாகியிருக்க வேண்டும்.